எட்டாவது பின்

மூன்று நாள் கேபிளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மாடி அறைக்கு நானே இழுத்த கேட்6 நெட்வொர்க் கேபிள், அதன் இரு முனையிலும் நானே அடித்த இரண்டு கனெக்டர், நானே எழுதி ஒட்டிய லேபிள். சொருகினால், கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் விளக்கு எரிகிறது, இணையம் வருகிறது. ஆனால் கணினியில் இணைப்பு வேகம் 100 மெகாபிட் என்று காட்டுகிறது. ரவுட்டர் கிகாபிட், அதாவது 1000 மெகாபிட்; ஸ்விட்ச் கிகாபிட், கணினியும் கிகாபிட். நடுவில் கிடப்பது என் கேபிள் மட்டும்தான்.

ஒவ்வொரு ஒயரும் முனைக்கு முனை போகிறதா என்று விளக்கெரித்துக் காட்டும் டெஸ்டரில் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு விளக்கும் வரிசை தப்பாமல் எரிந்தன. மறுபடி போட்டேன், மறுபடியும் எரிந்தன. எட்டும் எரிகிறபோது யாரைக் குற்றம் சொல்வது? ஸ்விட்சின் போர்ட்டை மாற்றினேன், கணினியில் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், கேபிள் மின்கம்பிக்குப் பக்கத்தில் போகிறதோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்காம் நாள் டெஸ்டர் ஓடிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கை பட்டுக் கனெக்டருக்குப் பின்னால் கேபிள் லேசாக வளைந்தது. ஏழு எரிந்தது, எட்டு எரியவில்லை, திரும்ப ஒன்றுக்குப் போய்விட்டது. கையை எடுத்தேன், எட்டு எரிந்தது.

மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கனெக்டரின் முகப்பில் பொன்முலாம் பூசிய எட்டுத் தகடுகள்; பின் (pin) என்று சொல்வது இவற்றைத்தான். ஏழு தகடுகள் பிளாஸ்டிக் தடுப்புகளுக்குச் சற்றுக் கீழே ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருந்தன. எட்டாவது மட்டும் ஒரு முடியளவு மேலே நின்றது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நகத்தை வைத்து ஒன்றிலிருந்து எட்டு வரை இழுத்தால் கடைசியில் ஒரு சின்னத் தடங்கல். அவ்வளவுதான்.

அந்தத் தடங்கலுக்கும் 100 மெகாபிட்டுக்கும் என்ன சம்பந்தம்? கேபிளுக்குள் நான்கு ஜோடி ஒயர்கள். கனெக்டரில் அவை உட்காருவது 1-2, 3-6, 4-5, 7-8 என்ற கணக்கில். ஈதர்நெட் என்கிற இந்தக் கம்பிவழி இணைப்பு 100 மெகாபிட்டில் ஓட 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடி போதும். 1999-இல் தரநிலையாக வந்த கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரு முனையிலும் இருக்கும் கருவிகள் முதலில் பேசிக்கொள்வதும் அந்த முதல் இரண்டு ஜோடியில்தான். 'உனக்கு கிகாபிட் வருமா?' 'வரும்.' 'சரி, ஆரம்பிக்கலாம்.' ஆரம்பித்துப் பார்த்தால் 7-8 என்ற பழுப்பு ஜோடியில் ஆளே இல்லை. கொஞ்சம் முயன்றுவிட்டுப் பல கருவிகள் ஓசைப்படாமல் 100-க்கு இறங்கிவிடும். சில கருவிகள் இறங்காமல் முட்டி முட்டித் துண்டித்துக்கொண்டே இருக்கும். உண்மையில் அதுவே தேவலை, உடனே தெரிந்துவிடும். ஓசைப்படாமல் இறங்குவதுதான் ஆளை ஏமாற்றும்.

குற்றவாளி என் கையில்தான் இருந்தது. எடை குறைவான, வண்ணப் பிடி போட்ட ஒரு கிரிம்பிங் டூல், அதாவது கனெக்டரைக் கேபிள் முனையில் அமுக்கிப் பொருத்தும் கிரிம்பர். வாங்கும்போது மூன்று துளை இருக்கிறது, வெட்டுகிறது, உரிக்கிறது, அமுக்குகிறது, இன்னும் என்ன வேண்டும் என்று நினைத்தேன். கேபிளைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் படித்தவன், கிரிம்பரைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

கிரிம்பர் ஒரே அழுத்தில் இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை, எட்டுத் தகடுகளையும் கீழே தள்ளுவது. ஒவ்வொரு தகட்டின் அடியிலும் கூரான பற்கள் உண்டு. அவை ஒயரின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டு செம்பைப் பிடிக்கின்றன. அதனால்தான் உள்ளே இருக்கும் எட்டு ஒயரையும் தனித்தனியாக உரிக்க வேண்டியதில்லை. இரண்டாவது வேலை, கனெக்டரின் வால்பக்கத்தில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கட்டையை உடைத்து உள்ளே மடக்கி, கேபிளின் வெளியுறையை இறுக்கிப் பிடிக்க வைப்பது. பிறகு யாராவது கேபிளைப் பிடித்து இழுத்தால் அந்த இழுவை வெளியுறையோடு நின்றுவிட வேண்டும், ஒயர்களுக்குப் போகக் கூடாது.

தகடுகளை எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. அமுக்கி முடித்த கனெக்டரில் அடிப்பாகத்திலிருந்து தகட்டின் உச்சி வரை 6.02 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் 0.13 மில்லிமீட்டருக்குள். குறைவாக அமுக்கிய தகடு செம்பைச் சரியாகக் கடிக்காது. அதோடு நிற்பதில்லை. மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் சொருகுகிற போர்ட்டுக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் கம்பியை அளவுக்கு மேல் வளைத்துவிடும். பிறகு நல்ல கேபிளைக் கொண்டுபோய்ச் சொருகினாலும் அந்தப் போர்ட் தகராறு செய்யும். ஒரு மட்டமான கிரிம்பர் கெடுப்பது கேபிளை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுச் செய்தி.

இந்த அளவைக் கையழுத்தத்தை நம்பி எட்ட முடியாது. சாதாரண கிரிம்பர் கத்தரிக்கோல் போல ஓர் அச்சில் சுழல்கிறது. கனெக்டரைப் பக்கவாட்டில் சொருகுவதால் எட்டுத் தகடுகளும் அச்சுப் பக்கத்திலிருந்து நுனிப் பக்கம் நோக்கி வரிசையாக நிற்கும். தாடை வளைகோட்டில் இறங்கி வரும்போது எட்டின் மேலும் ஒரே அளவில் விழாது. உடம்பு முழுக்க நல்ல எஃகாக இருந்து, வார்ப்பும் கச்சிதமாக இருந்தால் வித்தியாசம் அந்த 0.13-க்குள் அடங்கிவிடும். என் டூலில் தாடை மட்டும்தான் எஃகு; மற்றதெல்லாம் நெகிழ்கிற சங்கதி. முழு பலத்தோடு அமுக்கும்போது நுனி லேசாக விலகுகிறது. நுனியில் இருந்தது யார்? எட்டாவது பின். கனெக்டரைத் திருப்பிப் போட முடிந்திருந்தால் முதல் பின் மாட்டியிருக்கும், இணைப்பே வந்திருக்காது, மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ராட்செட். பிடியை அமுக்கும்போது கடகடவென்று பற்சக்கரச் சத்தம் கேட்கும். முழு தூரம் அமுக்கி முடிக்கும்வரை பிடி திறக்காது. பாதியில் கை வலித்தோ அவசரத்திலோ விட்டுவிட முடியாது. 'போதும்' என்று முடிவுசெய்கிற பொறுப்பை டூல் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. நல்லதுதான், என் 'போதும்' எப்படிப்பட்டது என்று பார்த்தாகிவிட்டது. கூடவே அவசரத்துக்கு விடுவிக்க ஒரு குட்டி நெம்புகோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கனெக்டர் கோணலாக மாட்டிக்கொண்டால் அது இல்லாமல் டூலையே உடைக்க வேண்டிவரும். இன்னும் கொஞ்சம் உயர்ந்த வகைகளில் தாடை சுழலாமல் நேர்க்கோட்டில் மேலும் கீழும் போய்வரும். எட்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இறங்கும். தினமும் பத்திருபது அடிக்கிறவர்களுக்கு அது வேண்டும். எப்போதாவது அடிக்கிறவனுக்கு எஃகு உடம்பும் ராட்செட்டும் போதும் என்பது என் கணக்கு.

இங்கே நான் செய்த பெரிய தப்பைச் சொல்ல வேண்டும்: வாங்கிய வரிசை. முதலில் கிரிம்பர், பிறகு கேபிள், கடைசியாகக் கையில் கிடைத்த ஒரு பொட்டலம் கனெக்டர். தலைகீழ். கேபிள்தான் கனெக்டரைத் தீர்மானிக்கிறது, கனெக்டர்தான் கிரிம்பரைத் தீர்மானிக்கிறது.

கேபிளுக்குள் இருக்கும் செம்பு இரண்டு விதம். சுவருக்குள் போவது சாலிட், ஒற்றைக் கம்பி. மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும் பேட்ச் கார்டு ஸ்ட்ராண்டட், பல மெல்லிய இழைகளை முறுக்கியது. இழைகளுக்கு நடுவே குத்திக்கொண்டு இறங்கும் பல் ஒற்றைக் கம்பியின் மேல் விழுந்தால் வழுக்கும், அல்லது கம்பியையே நறுக்கும். அதனால் சாலிட் கம்பிக்கான கனெக்டரில் பற்கள் மாறி மாறி இடமும் வலமும் விலகி நின்று கம்பியைக் கவட்டையில் இடுக்குவதுபோல் பிடிக்கும். பெரும்பாலும் மூன்று பல். இரண்டுக்கும் பொது என்று சொல்லி விற்கப்படுபவையும் உண்டு. பொட்டலத்தின் மேல் எதற்கானது என்று எழுதியிருக்கும். எழுதியிருக்கவில்லையென்றால் அதை விட்டுவிடுவேன்.

பிறகு தடிமன். கேட்6-க்கு முந்தைய வகையான கேட்5இ கேபிளில் கம்பி பெரும்பாலும் 24 கேஜ், அதாவது சுமார் 0.51 மில்லிமீட்டர். கேட்6-இல் பெரும்பாலும் 23 கேஜ், சுமார் 0.57 மில்லிமீட்டர். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பது எவன் வைத்த கணக்கோ, இன்றைக்கும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். உறையோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். கேட்5இ கனெக்டருக்குள் கேட்6 ஒயரைத் திணித்தால் பாதி வழியில் நின்றுவிடும். நான் ஒருமுறை திருகி, நெட்டித் தள்ளி, எட்டில் ஆறு மட்டும் முனை தொட, மீதி இரண்டு வெட்கப்பட்டுப் பின்னால் நிற்க, அப்படியே அமுக்கியிருக்கிறேன்.

நான் அமுக்கி முடித்த பிறகே தெரிந்துகொண்ட இன்னொன்று, கனெக்டர்களுக்குள்ளும் கோத்திரம் உண்டு. ஏஎம்பி என்ற நிறுவனத்தின் பழைய வகைக் கனெக்டர்களில் வால்பக்கத்துக் கட்டை இருக்கும் இடமும், வெஸ்டர்ன் என்று சொல்லப்படும் பொது வகையில் இருக்கும் இடமும் வேறு வேறு. டூலில் கனெக்டர் உட்காரும் அச்சு ஒன்றுக்கானதாக இருந்து, அதில் மற்றதைப் போட்டால் தகடுகள் இறங்கும், கட்டை சரியாக மடங்காது. டெஸ்டர் ஒன்றும் சொல்லாது. கேபிளை இழுத்தால் கையோடு வந்துவிடும். ஷீல்டு, அதாவது உலோகக் கவசம், உள்ள கனெக்டர் இன்னொரு ஜாதி. அதன் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக வாலைக் கேபிளைச் சுற்றி மடக்க டூலில் தனி இடம் வேண்டும். கேட்6-க்கு அடுத்த வகையான கேட்6ஏ தடித்த கேபிள். பல கனெக்டர்களில் ஒயர்கள் ஒரே வரிசையில் இல்லாமல் மேலும் கீழுமாக நிற்கும். அதற்கெல்லாம் அந்தக் கனெக்டர் செய்தவரே சொல்லும் டூலைத்தான் பிடிக்க வேண்டும். கனெக்டர் உட்காரும் அச்சை மட்டும் கழற்றி மாட்டுகிற கிரிம்பர்கள் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி: பாஸ் த்ரூவா, பழைய வகையா? பழைய வகையில் எட்டு ஒயரையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, உள்ளே தள்ளி, முன்பக்கத்துப் பிளாஸ்டிக் வழியே எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று பின்தங்கினால் வெளியே இழுத்து மறுபடியும் தொடங்க வேண்டும். பாஸ் த்ரூவில் முன்பக்கம் ஓட்டை. ஒயர்கள் அந்தப் பக்கமாக வெளியே வந்துவிடும்; நிறவரிசையைக் கண்ணெதிரே சரிபார்க்கலாம்; வெளியுறையை நன்றாக உள்ளே இழுத்து வைக்கலாம். அமுக்கும்போது டூலில் இருக்கும் கத்தி மிச்சத்தை மழுங்க நறுக்கிவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட ஆறுதல் கிடையாது.

வில்லங்கம் அந்தக் கத்தியில் இருக்கிறது. கத்தி மொண்ணையானால் நறுக்காமல் இழுக்கும். கனெக்டரின் மூக்கில் செம்புப் பிசிறு நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துப் பிசிறோடு உரசினால் ஷார்ட். நன்றாக நறுக்கினாலும் எட்டுச் செம்பு முனைகள் திறந்த முகத்தோடு நிற்கின்றன. கேபிள் வழியே மின்சாரமும் போகிற இடங்களில், அதாவது கேமரா, வைஃபை பெட்டி போன்றவற்றுக்கு, எனக்கு அது ஒப்புவதில்லை. இப்படி மின்சாரம் அனுப்புவதற்கு 2003-இல் வந்த முதல் தரநிலையில் ஒரு போர்ட் கொடுத்தது 15.4 வாட். 2018-இல் வந்த தரநிலையில் 90 வாட் வரை. அவ்வளவு ஓடுகிற இடத்தில் மூடிய மூக்குள்ள கனெக்டரைத்தான் போடுகிறேன். ஆக, பாஸ் த்ரூ வாங்குவதானால் மாற்றுக் கத்தி தனியாகக் கிடைக்கிற டூலை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த டூலின் ஆயுள் கத்தியின் ஆயுள்தான். பாஸ் த்ரூ டூலில் பழைய வகைக் கனெக்டரையும் பெரும்பாலும் அடிக்கலாம். பழைய டூலில் பாஸ் த்ரூ அடித்தால் மூக்கை நீங்களே சவரம் செய்ய வேண்டும்.

இந்தக் கனெக்டருக்கு ஆர்ஜே45 என்று நாம் எல்லோரும் சொல்கிற பெயரே தப்பு என்பது தெரியுமா? உண்மையான ஆர்ஜே45 தொலைபேசி இணைப்புக்காக வந்தது, பக்கத்தில் ஒரு சிறு துருத்தலோடு. நாம் சொருகுவதன் பெயர் 8பி8சி: எட்டு இடம், எட்டுத் தகடு. டூலின் மேல் 8பி, 6பி, 4பி என்று எழுதியிருப்பது அதைத்தான். 6பி தொலைபேசிக் கம்பிக்கு. அந்தத் துளை இருக்கிறதா என்று நான் கவலைப்பட்டு வாங்கிய டூலில் இதுவரை ஒருமுறைகூட அதற்கு வேலை வரவில்லை.

டூலோடு வரும் உரிப்பானைப் பற்றி ஒரு வார்த்தை: நம்பாதீர்கள். கேபிளுக்கு கேபிள் வெளியுறையின் தடிமன் மாறும். டூலில் இருக்கும் கத்தியோ ஒரே ஆழத்தில் நிற்கும். உறையை வெட்டுகிற வேகத்தில் உள்ளே ஒரு ஒயரின் மேல் கீறல் விழுந்தால் இன்று தெரியாது. என்றைக்காவது ஒருநாள் வளைக்கும்போது அந்த இடத்தில் முறியும். ஆழத்தைத் திருகி வைத்துக்கொள்கிற தனி உரிப்பான் நல்லது. நான் செய்வது வேறு. உறையைச் சுற்றி லேசாக, அறுந்தும் அறாமலும் ஒரு கோடு போட்டு, வளைத்து ஒடித்துக் கழற்றுவேன். பல கேபிள்களுக்குள் ஒரு நூல் ஓடும். அதைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் உறை கிழிந்துகொண்டே வரும். கத்தி பட்டிருக்கக்கூடிய முன்பகுதியை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு, கத்தி தொடாத இடத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பது அழகுக்கு இல்லை. ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்த ஜோடிக்குள் ஒழுகாமல் காப்பது அந்த முறுக்குதான். இதே காரணத்தால்தான் நிறவரிசையும். நிறவரிசைக்கு 568பி, 568ஏ என்று இரண்டு தரநிலை உண்டு. 568பி என்றால் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. 568ஏ-இல் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும். இரண்டில் எது என்பது முக்கியமில்லை, இரு முனையிலும் ஒன்றாக இருந்தால் சரி. ஆனால் 'எட்டும் நேருக்கு நேர் போனால் போதும், நிறம் எதற்கு' என்று ஜோடிகளை வரிசையாக அடுக்கினால் 3-உம் 6-உம் வெவ்வேறு ஜோடிகளிலிருந்து வந்துவிடும். எட்டு விளக்கு டெஸ்டர் இதற்கும் ஜோராகத் தலையாட்டும். நேரே போகிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்; யாரோடு ஜோடி சேர்ந்து போகிறது என்று தெரியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர் ஒருவர், "அப்ப எனக்கு எந்த கிரிம்பர் வாங்கட்டும்?" என்றார். என்ன வேலை என்று கேட்டேன். சுவருக்குள் நான்கு கேபிள், மேசையில் சில குட்டிக் கேபிள்கள். "கிரிம்பரே வேண்டாம்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் அதுதான் சரி. சுவருக்குள் போகும் சாலிட் கேபிளின் முனையில் கீஸ்டோன் ஜாக், அதாவது சுவரில் பொருத்தும் சொருகுதுளை, வைத்து, பஞ்ச் டவுன் டூலால் ஒவ்வொரு ஒயராக அடித்து இறக்கினால் போதும். அது கனெக்டர் அடிப்பதைவிட எளிது, தப்பினால் அதே ஜாக்கில் மறுபடி அடிக்கலாம். ஜாக்கிலிருந்து கணினிக்குத் தொழிற்சாலையில் செய்த பேட்ச் கார்டு. ஒரு மீட்டர் கேபிளை வீட்டில் செய்து அதைவிட நன்றாகச் செய்துவிட முடியாது. கிரிம்பர் உண்மையாகவே வேண்டியிருப்பது உத்தரத்தில் தொங்கும் கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும். அங்கே ஜாக் வைக்க இடமில்லை. சாலிட் கேபிளின் முனையிலேயே கனெக்டர் அடித்து நேராகச் சொருக வேண்டும். அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கமான டிஐஏ 2018-இல் கொண்டுவந்த தரநிலை இந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்த டூலை வாங்கும்போது நான் என் கேபிளில் ஒரு முழத் துண்டும், நான் போடப்போகும் கனெக்டர் நான்கும் எடுத்துக்கொண்டு போனேன். விற்பவர் விநோதமாகத்தான் பார்த்தார். முதலில் வெறும் டூலை மெல்ல மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தாடைகளுக்கு நடுவே தெரியும் கீற்று இரு ஓரத்திலும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அச்சில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். பிறகு ஒரு கனெக்டரை அடித்தேன். சாய்வாக வெளிச்சம் படும்படி வைத்தால் எட்டுத் தகடுகளின் தலையிலும் ஒரே கோடாக ஒளி ஓட வேண்டும். ஒன்று மட்டும் தனியாக மினுங்கினால் அது உயரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். வாலைத் திருப்பிக் கட்டை முழுக்க மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, கேபிளைப் பிடித்து இழுத்தேன். கடைசியாக நகம், ஒன்றிலிருந்து எட்டு வரை. முதல் டூல் தேறவில்லை. இரண்டாவதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாடிக் கேபிளின் முனையை வெட்டி மறுபடி அடித்தபோது ராட்செட் ஏழெட்டு முறை கடகடத்துவிட்டு, கடைசியில் ஒரு கனத்த 'டக்'கோடு தானாகத் திறந்தது. மேலே போய்ப் பார்த்தால் 1 கிகாபிட்.

பழைய கிரிம்பரைத் தூக்கிப் போடவில்லை. அதில் உருப்படியாக இருப்பது வெட்டுகிற கத்தி ஒன்றுதான், அது மட்டும் நல்ல கூர். அதை வைத்து முன்பு அடித்த கனெக்டர்களை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஆறு பாக்கி.